ஊர்க் குளத்தில் பறவைகள் குறைவது காலநிலை மாற்றத்தாலா, எங்கள் கைவேலையாலா?

தென்மராட்சியான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊர்க் குளம் ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்புடையது. அதன் மேற்குக் கரையில் தாழம்பற்றையும், கிழக்கே பனை வரிசையும், தெற்கே முன்பு வயலாக இருந்து இப்போது கிரவல் கொட்டி நிரப்பப்பட்ட ஒரு காணியும் உள்ளன. அந்தக் காணியின் ஒரு பாதியில் நான்கு வீடுகள் எழுந்துவிட்டன. மற்றப் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மாரி முடிந்து தை, மாசியில் நீர் இறங்கத் தொடங்கினால், சேறு தெரியும் இடமெல்லாம் உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் கொக்குகளும் நிற்கும். இலைக்கோழி தாமரை இலைமேல் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்று, பிந்திப் போய், வகுப்பில் அடி வாங்கியவன் நான். கடந்த நான்கைந்து ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தைக் காண முடியவில்லை. கொக்குகள் மட்டும் வருகின்றன.

இப்போது வெளிநாடுகளில் வாழும் எங்கள் ஊரவர்கள் சேர்ந்து, குளத்தைத் தூர்வாரி, சுற்றிவரக் கருங்கல்லால் செங்குத்தாகக் கட்டி, கரையில் நடைபாதை அமைத்து, இருபது அடிக்கு ஒரு விளக்கு நாட்டுவதற்குப் பணம் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மனத்துடன் செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பறவைகளைப் பற்றி நான் கேட்டபோது, அவர்களில் ஒருவர், “உலகம் முழுவதும் காலநிலை மாறுவதால் பறவைகள் குறைகின்றன, உங்கள் குளத்தில் கல் கட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை” என்று எழுதினார். ஊரிலே வேறு சிலரோ, காலநிலை மாற்றம் என்பது வெள்ளைக்காரர்களின் கதை, வயல்களை நிரப்பியதுதான் ஒரே காரணம் என்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு முழுமையாகப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வைகாசியில் குளத்தின் நடுவே ஒரு சிறு குட்டைதான் மிஞ்சியிருந்தது. வெடித்துக் காய்ந்த தரையில் ஆட்காட்டி ஒன்று நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூர்முனைகள் நான்கும் உள்நோக்கி இருக்கும்படி, பரல் கற்களுக்கிடையே, இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாதபடி. நண்பகலில் அது எழுந்து குட்டைக்குப் போய், நீரிலே வயிறு படக் குந்தி, மார்பிலிருந்து நீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைமேல் அமரும். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு தடவை போய்வந்தது. வெயிலுக்குக் குளிக்கிறது என்றே நினைத்தேன். பத்து நாட்களில் குட்டையும் வற்றியது. அதன் பிறகு ஒரு காலை முட்டைகள் அப்படியே கிடந்தன, பறவையைக் காணவில்லை.

அடுத்த மாதம் பொதுக்கூட்டம். நான் அங்கே என்ன சொல்வது? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய விலங்கியல் ஆசிரியர்

தம்பி, நீங்கள் கண்டது குளிப்பு அன்று. ஆட்காட்டி தன் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர்விக்கிறது. நிழலில்லாத வெறும் தரை நண்பகலில் 50 பாகை செல்சியசையும் தாண்டிச் சுடும். முட்டைக்குள் இருக்கும் கருவோ 40 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காது. ஆகவே வெயிற்காலத்தில் தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் அடைகாப்பது சூடேற்றுவதற்காக அல்ல, சூட்டைத் தணிப்பதற்காக. அந்த வேலைக்குப் பக்கத்தில் நீர் வேண்டும். குட்டை இருபது அடி தூரத்தில் இருந்தால் போய்வர ஒரு நிமிடம் போதும். அரை மைல் தூரத்தில் இருந்தால், போய்வருவதற்குள் முட்டை வெந்துவிடும்.

உங்கள் கேள்விக்கான விடையின் பாதியை அந்தப் பறவையே உங்களுக்குக் காட்டியிருக்கிறது. வெப்பம் கூடியதால் முட்டை கெட்டதா, நீர் இல்லாததால் கெட்டதா என்று கேட்டால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்? தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிடும்போது உலகின் சராசரி வெப்பநிலை 1.1 பாகை அளவு கூடிவிட்டது என்று 2021 இல் வெளிவந்த, காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அறிவியலாளர் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை கூறியது. இந்த ஒரு பாகையை மட்டும் எடுத்தால், அருகில் நீருள்ள ஆட்காட்டி இன்னும் இரண்டு தடவை கூடுதலாக நனைந்து வந்து சமாளித்துவிடும். அருகில் நீர் இல்லாத ஆட்காட்டிக்கு அந்த வழி இல்லை. வாழிடம் சிதைந்த இடத்தில்தான் காலநிலை மாற்றம் முதலில் உயிரை எடுக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டையும் தனித்தனியாக நிறுத்து, எது பாரம் என்று பார்க்கும் தராசு எவரிடமும் இல்லை. உங்கள் குளத்தளவில் அந்த நிறுப்பு தேவையும் இல்லை.

மழைக்கு வருகிறேன். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழையே எங்களுக்கு ஆண்டுக்கான நீரின் பெரும்பகுதியைத் தருகிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகம். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், இடையிலே நீண்ட வறட்சி வருவதும் கூடுகின்றன. 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும் 2020 டிசம்பரில் புரெவியின்போதும் எங்கள் வீதிகளில் நின்ற வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு புயலையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன். அப்படி எழுதுபவர்களால்தான், 2022 டிசம்பரில் குளிரில் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தபோது, “எங்கே உங்கள் வெப்பமயமாதல்?” என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

மழை ஆண்டுக்கு ஆண்டு மாறுவது எங்கள் நீர்ப்பறவைகளுக்குப் புதிதன்று. ஒரு குளம் நிரம்பி ஆழமானால் அடுத்த குளத்துக்கும், அதுவும் சரிவராவிட்டால் தரவை என்னும் திறந்த மேய்ச்சல் வெளிக்கும், அங்கிருந்து பரவைக்கடல் என்னும் ஆழமற்ற நீரேரிக்கும் போய் அவை பிழைத்து வந்தன. இந்த இடமாற்றமே அவற்றின் பாதுகாப்பு. இன்று ஒரு வயலை நிரப்புகிறோம், நாளை ஒரு துரவை மூடுகிறோம், அடுத்த ஆண்டு ஒரு குளத்துக்குக் கல் கட்டுகிறோம். ஒவ்வொன்றும் சிறிய வேலையாகவே தெரியும். மழை தப்பிய ஆண்டில்தான், போவதற்கு இருந்த பத்து இடங்களில் ஏழு இல்லாமல் போனது பறவைக்குத் தெரியவருகிறது.

போவதற்கு இடமே இல்லாத உயிருக்கு என்ன நடக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு சான்று உண்டு. பிரம்பிள் கே என்பது டொரெஸ் நீரிணையில் உள்ள, கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்கள் மட்டுமே உயர்ந்த, சில ஏக்கர் மணல் திட்டு. அங்கே பிரம்பிள் கே மெலோமிஸ் என்னும் ஒருவகை எலி வாழ்ந்தது. உலகில் வேறெங்கும் அது காணப்பட்டதில்லை. புயலலைகள் மீண்டும் மீண்டும் திட்டின்மேல் ஏறி, அது தின்று வாழ்ந்த செடிகொடிகளை அழித்தன. 2009 இல் கடைசியாகக் காணப்பட்டது. 2019 இல் அவுஸ்திரேலிய அரசு அது அற்றுப்போய்விட்டதாக அறிவித்தது. மனிதரால் விளைந்த காலநிலை மாற்றத்தால் அழிந்த முதலாவது முலையூட்டி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். சுற்றிவர வீடும் மதிலும் எழுந்த ஒரு குளத்தையும் சிறு பிராணிகளின் கண்ணால் பார்த்தால் அது ஒரு மணல் திட்டுத்தான். குளத்துத் தவளை மதில் ஏறி அடுத்த குளத்துக்குப் போகாது.

உங்கள் நன்கொடையாளர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. ஏறத்தாழ பத்து இலட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன என்று 2019 இல் ஐ.பி.பி.ஈ.எஸ். என்னும் பன்னாட்டு அறிவியல் அமைப்பு மதிப்பிட்டபோது, நிலத்தையும் கடலையும் மனிதர் பயன்படுத்தும் விதம் மாறியதை முதலாவது காரணமாகவும், வேட்டை, மீன்பிடி போன்ற நேரடிச் சுரண்டலை இரண்டாவதாகவும், காலநிலை மாற்றத்தை மூன்றாவதாகவும் வைத்தது. அந்த மூன்றாவதன் பங்கு கூடிக்கொண்டே போகிறது என்றும் அது எச்சரித்தது. ஆகவே, எல்லாம் காலநிலையின் செயல் என்று கையை விரிக்க அறிவியல் இடம் கொடுக்கவில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. “முன்பு நிறைய வந்தன, இப்போது வரவில்லை” என்பது நினைவு. அது தரவு ஆகாது. உங்கள் உள்ளான்கள் இறந்துபோயிருக்கலாம், அல்லது தனங்கிளப்புப் பக்கம் போய் நிற்கலாம். மாதத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடத்தில் நின்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.

பரவைக்கரை

ஆசிரியர் ஐயா தரவையைக் குறிப்பிட்டதால் நானும் எழுதுகிறேன். நான் கச்சாய்ப் பக்கம் பரவைக்கடலில் சிறகுவலை வைத்துத் தொழில் செய்பவன். என் தகப்பனாரும் அதே தொழில். படித்துச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

பூநாரை எங்கள் வலைக்கு அருகிலேயே வந்து நிற்கும். ஒரே இடத்தில் காலால் மாறி மாறி மிதித்துச் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, சொண்டை நீருக்குள் வைத்து அரித்துத் தின்னும். விடிகாலையில் காற்று விழுந்திருக்கும்போது அந்த மிதிப்பின் சத்தம் கூடக் கேட்கும். நீர் முழங்காலுக்கு மேலே போனால் அவை அந்த இடத்தை விட்டுவிடும். மாரி ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்த ஆண்டுகளில் பரவை நெடுநாள் ஆழமாகவும் உவர் குறைந்தும் கிடக்கிறது. பூநாரை பிந்தி வருகிறது, அல்லது வராமலே போகிறது. அதைப் பார்த்து இது காலநிலையால் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆழம் கூடினால் அவை ஒதுங்கி நின்ற மேட்டுத் தரவை இப்போது எங்கே? அதிலே மண் அணை போட்டாயிற்று, வேலி அடைத்தாயிற்று, சில இடங்களில் குப்பையும் கொட்டுகிறார்கள்.

கண்டல் மரங்களிலும் இதைத்தான் காண்கிறேன். என் தகப்பனார் காலத்தில் கண்ணா மரங்களின் வரிசைக்கும் வீட்டு வேலிகளுக்கும் இடையே மாடு மேயும் அகன்ற தரவை கிடந்தது. கடல் மெல்ல மெல்ல ஏறுகிறது என்று சொல்கிறார்கள். ஏறினால் கண்டலும் கரைப்பக்கமாக நகர வேண்டும். காய் மிதந்துபோய் மேட்டிலே ஊன்றி முளைப்பதுதான் அதன் வழி. எங்கள் பக்கத்தில் ஒரு வீதியை உயர்த்திப் போட்டார்கள். வீதிக்கு இந்தப் பக்கம் கண்டல் வேர் எந்நேரமும் நீரில் நின்று பட்டுப்போகிறது. அந்தப் பக்கம் உப்புநீர் போகாததால் அங்கே முளைக்கவும் மாட்டாது. இடையிலே அகப்பட்டு நெரிகிறது. அந்த வேருக்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அது போனால் எங்கள் வலையும் வெறும் வலைதான். உங்கள் குளத்தின் கருங்கல் கட்டும் அந்த வீதியும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிகின்றன.

பழைய விலங்கியல் ஆசிரியர்

பரவைக்கரை தம்பி சொன்ன அந்த நெரிசலைக் கடலோரச் சூழலியலில் தனிப் பாடமாகவே படிப்பிக்கிறார்கள். 1901 இற்கும் 2018 இற்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. பிற்காலத்தில், 2006 முதல் 2018 வரை, ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் உயர்ந்தது. செங்குத்தான பாறைக் கரைக்கு இது ஒன்றுமில்லை. எங்களுடையது போன்ற தட்டையான தரைக்கு, ஒரு சாண் ஏற்றம் கூடப் பல யார் தூரத்தை நனைத்துவிடும்.

வடமுனையிலிருந்து

நான் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் மாநிலத்தில் இருக்கிறேன். எண்பதுகளில் மீன் பதனிடும் தொழிற்சாலை வேலைக்கு வந்த எங்களவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஊர்ப் பணிகளுக்குக் காசு சேர்த்து அனுப்பும் ஆட்களிலும் ஒருவன், ஆகையால் இந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துக் கேட்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்துச் சேற்றில் கொசு உள்ளான் என்று ஒரு சிறு பறவை, சிட்டுக்குருவி அளவில், ஓடி ஓடிக் கொத்துமே, அதே இனம் இங்கே ஆனி மாதத்தில் பாசி படர்ந்த வெளியில் முட்டையிடுகிறது. இங்கே பொரிக்கும் அதே பறவைதான் அங்கே வருகிறது என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் வருபவை பெரும்பாலும் சைபீரியப் பக்கத்திலிருந்து மத்திய ஆசிய வான்வழியாக இறங்குபவை. ஆனால் வடதுருவப் பகுதி முழுவதற்கும் இன்று ஒரே சிக்கல்தான். உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக இங்கே வெப்பம் கூடுகிறது. பனி முந்தி உருகுகிறது, பூச்சிகள் முந்திப் பெருகுகின்றன, பறவையோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பழைய நாட்கணக்குப்படி புறப்பட்டு வருகிறது. குஞ்சு பொரித்து வாய் திறக்கும்போது பூச்சிப் பந்தி முடிந்துபோயிருக்கும் ஆண்டுகள் உண்டு. அப்படி நலிந்த பறவை தெற்கே இறங்கும்போது, அங்கே உடம்பு தேற்றிக்கொள்ள ஒரு சேற்றுக் கரையும் இல்லையென்றால் அது திரும்பி வருமா? உங்கள் மூன்று ஏக்கருக்கும் இந்தப் பனிவெளிக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

இங்கே கண்ணால் காண்கிற இன்னொரு செய்தியும் உண்டு. இங்குள்ள வராங்கர் தீபகற்பத்தில் துருவ நரி அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. பழங்காலத்து உரோம வேட்டையால் அது முன்பே சிறுத்துப்போயிருந்தது. இப்போது தெற்கிலிருந்து செந்நரி ஏறி வந்து, அதன் குகையையும் இரையையும் பிடித்துக்கொள்கிறது. குளிர் தணிந்தது செந்நரிக்கு ஒரு வசதி. வீதியோரத்தில் அடிபட்ட விலங்கும் மனிதர் விட்ட கழிவும் அதற்குச் சாப்பாடாகக் கிடைப்பது இன்னொரு வசதி. இரண்டில் எதனால் வந்தது என்று பிரிக்க இங்குள்ளவர்களும் முயல்கிறார்கள், ஆனால் பிரித்து முடிக்கும்வரை காத்திராமல் செந்நரியைக் கட்டுப்படுத்தியும் வளர்த்த துருவ நரிகளை விட்டும் வேலை செய்கிறார்கள்.

காசு விடயத்தில் ஒரு மனந்திறந்த சொல். வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு படம் வேண்டும். சேற்றுக்கரையைப் படமெடுத்துப் போட்டால் எவருக்கும் திருப்தி வராது. கல் பதித்த பாதையும் விளக்கும் பெயர்ப்பலகையும் படத்தில் நன்றாக விழும். செயலாளர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் காரியம் இலகுவாகும் என்று நினைக்கிறேன்.

வான்கட்டு

நான் நீர்ப்பாசன வேலையில் நெடுங்காலம் இருந்தவன். மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் ஒரு விடயத்தில் மாறுபடுகிறேன். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு “குளத்தைத் தொடவேண்டாம்” என்று எவரேனும் முடிவெடுத்தால் அது பெரும் பிழை. எங்கள் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில், கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலம். மழைநீர் குளத்தில் நின்று மெல்ல இறங்கினால்தான் அந்தப் படலம் தடிக்கும். வண்டல் அடைத்த குளம் மார்கழியிலேயே நிரம்பி வான் பாய்ந்துவிடும், மாசியிலேயே வற்றிவிடும். ஊர்க் கிணறுகள் உவர்த்தால் முதலில் போவது மனிதர், பிறகுதான் பறவை. உங்கள் ஆட்காட்டிக்கு வைகாசியில் குட்டை வற்றியதற்கும் வண்டல்தான் பெரிய காரணமாக இருக்கும். ஆகவே தூர்வாருங்கள். எப்படித் தூர்வாருவது என்பதுதான் கேள்வி.

மண் வெட்டும் பெக்கோ இயந்திரக்காரரிடம் வேலையை விட்டால் அவர் பெட்டி போல வெட்டித் தருவார்; அவருக்கு அது சுலபம், மண் கணக்கும் கூடும். செங்குத்தான கட்டு உள்ள குளத்தில் நீர் இறங்கினால், கல்லில் ஒரு கோடு கீழே போகும், அவ்வளவுதான். அதே குளத்தில் ஒரு கரையையாவது 1 இற்கு 20 என்ற சரிவில் விட்டுப் பாருங்கள். கோடையில் ஆவியாதலால் மட்டும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் ஒவ்வொரு நாளும் 10 சென்ரிமீற்றர் அகலமான புதிய ஈரச் சேறு வெளிப்படும். நேற்றுவரை நீருக்கடியில் கிடந்த புழுவும் பூச்சியும் அதிலே இருக்கும். உள்ளான் போன்ற சிறு பறவைகள் சில சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் இறங்க முடியாதவை. அவற்றுக்கு இந்தச் சரிவு, மூன்று மாதத்துக்கு நாள்தோறும் இலை போட்டுப் படைப்பதற்குச் சமம். மாடும் இலகுவாக இறங்கி நீர் குடிக்கும். சிறு பிள்ளை தவறி விழுந்தாலும் நடந்து ஏறி வரலாம். பொதுக்கூட்டத்தில் இந்தக் கடைசிக் காரணத்தை முதலில் சொல்லுங்கள், பறவையை விட அது எடுபடும்.

நடுவே ஒரு பகுதியை மட்டும் ஆழமாக்கி, கோடை கடைசிவரை நீர் நிற்கும்படி விடுங்கள். எவ்வளவு ஆழம் என்பதை ஊர்க் கிணறுகளின் அடிமட்டத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். பரவைக்கு அருகான இடத்தில் ஆசைப்பட்டு ஆழமாய்த் தோண்டி, அடியிலிருந்த உவர்நீரைத் தாங்களே மேலே எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். குளம் முழுவதையும் ஒரே ஆண்டில் வாராமல் இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு பாதி என்று செய்தால், வாராத பாதியிலிருந்து தாமரையும் தவளையும் நத்தையும் மற்றப் பாதிக்குத் தாமே பரவும். ஆட்காட்டி முட்டையிடும் காலம் முடிந்து, மாரி தொடங்குமுன், ஆவணிக் கடைசியிலும் புரட்டாதியிலும் வேலையை முடியுங்கள். இவ்வாறு செய்தால் கருங்கல் செலவில் பெரும்பகுதி மிஞ்சும் என்பதையும் நன்கொடையாளர்களுக்கு எழுதுங்கள்.

பனைவடலி

விளக்கைப் பற்றி எவரும் பேசவில்லை. இருபது அடிக்கு ஒரு விளக்கு என்றால் குளத்துப் பூச்சிகள் எல்லாம் விளக்கடியில் செத்து விழும், வௌவால் வழி மாறும், தாழம்பற்றையில் அடையும் கொக்கும் நித்திரை கொள்ளாது. நடப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமானால் தலை மூடிய, நிலத்தை நோக்கிய, மஞ்சள் நிற விளக்குகளைப் பாதை தொடங்கும் இடத்தில் மட்டும் போட்டு, இரவு ஒன்பது மணிக்கு அணைத்துவிடலாம்.

தென்மராட்சியான்

எழுதிய அனைவருக்கும் நன்றி. கூட்டம் முடிந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வான்கட்டு ஐயா சொன்னபடி, பிள்ளை தவறி விழுந்தால் ஏறி வரமுடியாது என்பதையே முதலில் சொன்னேன். அதற்குப் பிறகு செங்குத்துக் கட்டுக்கு ஆதரவாக ஒருவர்கூடப் பேசவில்லை. சரிவின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது கமக்காரர் அமைப்புத் தலைவர், மாடு இறங்கும் துறையும் அந்தப் பக்கமே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆட்காட்டி வயிற்றை நனைத்துவரும் கதையை நான் சொன்னபோது பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள், ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது ஒரு வயதான அம்மா என்னை நிறுத்தி, அந்த முட்டை பிறகு என்ன ஆனது என்று கேட்டார்.

எல்லாம் விரும்பியபடி நடக்கவில்லை. வடக்குக் கரையில், கோயிலுக்கு முன்பாக, படிக்கட்டும் கருங்கல் கட்டும் வருவது உறுதி. அதை விட்டுக்கொடுக்காமல் மற்றவற்றைப் பெற முடியவில்லை. மேற்கும் தெற்கும் சரிவாக விடப்படுகின்றன. நடைபாதை கிழக்குப் பனைகளின் நிழலில் மட்டும். விளக்குகள் நான்காகக் குறைந்தன. தாழம்பற்றைதான் பெரும் வாக்குவாதமாகியது: புதிதாகக் குடிவந்த நான்கு வீட்டாரும், அதற்குள்ளிருந்து பாம்பு வருகிறது, முழுவதையும் வெட்ட வேண்டும் என்றார்கள். குழந்தைகள் உள்ள வீடுகள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. வீடுகளை ஒட்டிய முப்பது அடியை மட்டும் துப்புரவாக்கி மிகுதியை இரண்டு ஆண்டுகள் விட்டுப்பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அந்த இரண்டு ஆண்டு முடிந்தபின் என்ன ஆகும் என்று என்னால் இப்போது உறுதி சொல்ல முடியாது.

வடமுனையிலிருந்து எழுதிய அண்ணைக்கு: படத்துக்கு ஒரு வழி செய்திருக்கிறோம். பெயர்ப்பலகையில் கொடையாளர் பெயர்களுக்குக் கீழே எங்கள் குளத்துக்கு வரும் பறவைகளின் படங்களைப் பாடசாலைப் பிள்ளைகள் வரையப்போகிறார்கள். ஒரே நாளில் இரண்டு பேர் கூடுதலாகக் காசு அனுப்புவதாக எழுதினார்கள்.

எண்ணும் வேலையையும் தொடங்கிவிட்டேன். புரட்டாதி முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி, பனைக்கு அருகே நின்று அரை மணி நேரம்: சின்னக் கொக்கு 5, மடையான் 3, மீன்கொத்தி 1, நீர்க்காகம் 2, ஆட்காட்டி 2, உள்ளான் எதுவும் இல்லை. பெக்கோ இயந்திரம் தெற்குப் பாதியில் நின்றதால் அந்த ஆட்காட்டிச் சோடி குளத்துக்குள் இறங்கவில்லை. கிரவல் கொட்டி நிரப்பிய காணியின் வெறும் பாதியில்தான் நடந்து திரிந்தது. ஆசிரியர் ஐயா, அதைக் குளத்தின் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

பழைய விலங்கியல் ஆசிரியர்

சேருங்கள் தம்பி. ஆனால் எந்த இடத்தில் நின்றது என்பதற்கு இன்றைக்கே ஒரு தனி நிரல் கீறிவிடுங்கள். ஆட்காட்டிக்குப் பரல் நிறைந்த தரை பிடிக்கும். வருகிற பங்குனியில் அது அந்தக் கிரவலிலேயே முட்டையிடவும் கூடும். இட்டால், அங்கிருந்து குளத்து நீர் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள்.